பத்து போல்ட்டுகள்

கையில் ஏறிய கியர் ஆயில் வாடை போவதற்குச் சோப்பைவிட அரப்புத்தூள் நல்லது, இன்ஸ்பெக்டர். ஏழு மாதம் அதைத்தான் தேய்த்தேன்.

என் பெயர் ராமாமணி. வயது ஐம்பத்தெட்டு. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். பீளமேட்டில் எங்கள் ஷெட்டில் நின்ற அந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் அப்பா 1966இல் வாங்கியது. அவருக்குப் பின் தம்பி சசிதருக்குப் போனது. அப்பாவின் மில்லும் அவனுக்கே போனது; அதில் எனக்குப் புகார் இல்லை. டிஃபரன்ஷியல் ஊளையிட ஆரம்பித்து, வண்டி பதினைந்து வருடம் அசையாமல் கிடந்தது. "எடைக்குப் போட்டுரலாங்கக்கா" என்றான். நான் பார்க்கிறேன் என்றேன். சிரித்தான்.

பின் அச்சிலிருந்து டிஃபரன்ஷியலை நானே இறக்கினேன். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. உள்ளே தட்டளவு பெரிய பல்சக்கரம் ஒன்று, அதைச் சுழற்றும் சிறியது ஒன்று. இரண்டின் பற்களுக்கும் நடுவே ஒரு தலைமுடியின் பருமன்தான் இடைவெளி இருக்கலாம். மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைத்து நாற்பத்தோரு முறை பிரித்துப் பூட்டினேன். கடைசி முறை, பற்கள் பொருந்தும் இடத்தைப் பார்க்கத் தடவிய மஞ்சள் சாயம் சரியாக நடுவில் அழுந்தியிருந்தது. ஷெட்டில் தனியாக நின்று அழுதேன்.

ஓட்டிப் பார்த்தோம். ஊளை இல்லை. அந்த வாரமே சசிதர் பழைய கார்கள் அணிவகுப்புக்குப் பெயர் கொடுத்தான். வால்பாறை போய்த் திரும்ப வேண்டும். விண்ணப்பத்தில் 'புதுப்பித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தான்.

"ஏன் சசி?"

"பொம்பளை செஞ்சதுன்னா ஆரும் நம்பமாட்டாங்கக்கா. உடுங்க."

விட்டேன். சின்னதாக ஒரு சத்தம் கேட்கிறது, இன்னொரு முறை பிரித்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன். பெரிய பல்சக்கரத்தைப் பிடித்திருப்பவை பத்து போல்ட்டுகள். அவற்றை இறுக்கி, கழன்றுவிடாமல் பூட்டுத் தகடுகளை மடக்க வேண்டும். கையால் திருகியதோடு நிறுத்திக்கொண்டேன். தகடுகளைத் தொடவில்லை. ஏற்றத்தில் தாங்கும், இறக்கத்தில் தாங்காது என்று நினைத்தேன். அப்படியே நடந்தது. ஒன்பதாவது கொண்டையூசி வளைவுக்குச் சற்று மேலே ஒரு போல்ட் கழன்று பற்களுக்கிடையில் விழுந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரேயடியாக நின்றன. கார் தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் போனது. சசிதர் அங்கேயே முடிந்தான்.

விபத்து என்றுதான் நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நானும் பேசாமல் இருந்தேன். நேற்று உங்கள் நிபுணரின் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். 'அனுபவமில்லாத கைகளின் அரைகுறை வேலை' என்று எழுதியிருக்கிறார். அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். போல்ட் இறுக்கும் டார்க் ரெஞ்ச் கையெட்டும் தூரத்தில் மேசைமேல்தான் இருந்தது. எனக்கு வேலை தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதை அவர் திருத்தி எழுதவேண்டும்.

பிரீத்திகாவைப் பற்றிக் கேட்டீர்கள். சசிதரின் மகள், இருபது வயது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளும் போய்விட்டாள். அவளை நான் கூப்பிடவில்லை. கிளம்பும் நேரத்தில் அவளாக ஓடிவந்து ஏறினாள்.

"வாரேங்க அத்தை" என்றாள்.

"போய்ட்டு வா கண்ணு" என்றேன்.

அந்தப் பழியை என்மேல் போடுவது நியாயமில்லை. அவள் பக்கத்துக் கதவு அழுத்திச் சாத்தினால்தான் பிடிக்கும். அவளுக்கு அது வரவில்லை. நான்தான் சாத்திவிட்டேன்.