கை பட்ட செடி

எங்கள் ஊர் காஜா பெராங் மண்ணில் மிளகாய்ச் செடி வளர்க்கத் திறமை எதுவும் வேண்டாம், ஐயா. விதையைத் தூவிவிட்டு மறந்துவிட்டாலும் போதும். பத்து நாளில் முளைத்து நிற்கும். அதனால்தான் சோதனைகளுக்கு நான் எப்போதும் மிளகாய்க் கன்றுகளையே எடுத்துக்கொள்வேன்.

என் பெயர் மீனாட்சிசுந்தரம். வயது முப்பத்தொன்பது. பயிர் நோய்களைப் பார்க்கும் சிறிய சோதனைக்கூடம் ஒன்றில் பதினோரு வருஷமாக உதவியாளன். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரே மாதத்தில் காய்ச்சலில் போனார்கள். தங்கை வடிவாம்பாளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் நான்தான். என் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச வந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளுக்குத் தேவை இருக்கவில்லை.

எனக்கு இருமல் உண்டு. அதற்காக வீட்டுப் பின்புறம் ஆடாதொடை வைத்திருந்தோம். வடிவு அதில் கஷாயம் போட்டுத் தருவாள். போன வருஷம் அதன் தண்டு ஒன்றை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். மேல்தோலை ஸ்பிரிட்டில் சுத்தமாகக் கழுவி, வில்லையாக நறுக்கி, அகார் அகார் கூழின் மேல் வைத்தேன். ஐந்தாம் நாள் வெட்டுவாயின் நடுவிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூஞ்சணம் கிளம்பி வந்தது. செடியில் நோயின் அறிகுறியே கிடையாது. பூஞ்சணம் அதற்குள் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது. எங்கள் கூடத்து வெள்ளைக்காரத் துரையிடம் காட்டினேன். "அழுக்குப் பட்டிருக்கும், தூக்கிப்போடு" என்றார். அவர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தார்.

நான் தூக்கிப்போடவில்லை. உருளைக்கிழங்கும் சர்க்கரையும் கொதிக்க வைத்த நீரில் அதை வளர்த்தேன். மூன்று வாரம் கழித்து அந்த நீரை வடிகட்டி ஒரு மிளகாய்க் கன்றின் வேரில் ஊற்றினேன். மறுநாள் இலை ஓரம் பழுப்பானது. அதற்கு மறுநாள் கன்று படுத்துவிட்டது. நீரைக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றிப் பார்த்தேன்; அப்போதும் அதேதான். ஆகவே கொல்வது பூஞ்சணம் இல்லை, அது நீரில் விட்டுச்செல்லும் ஏதோ ஒன்று. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கசந்தது, அவ்வளவுதான். மனிதர்களுக்கு அதனால் தீங்கில்லை என்பதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் வடிவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கருணாகரன், புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்தவர். தாயார் பூங்காவனம், விதவை. நல்ல மனிதர்கள். வடிவுக்கு விருப்பம் என்று தெரிந்ததால் நானும் சரி என்றேன். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, ஆவணிக்குப் பிறகு இந்தச் சோற்றை எனக்கு யார் போடுவார்கள் என்று யோசித்தேன். அதை அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருணாகரன் பாசாருக்குப் போயிருந்த சமயம், அவர் தோட்டத்தின் முதல் வரிசைக் கொடிகளுக்கு மட்டும் அந்த நீரை ஊற்றினேன். மூன்றே நாளில் அவரே என்னைத் தேடி வந்தார்.

"மச்சான், பக்கத்துத் தோட்டத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இந்த சூசா, இந்தத் தொல்லை? நீங்க படிச்சவரு, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். மருந்து கொண்டுவருகிறேன் என்றேன். மறுநாள் பட்டப்பகலில், அவருடைய பூவாளியாலேயே, மிச்சமிருந்த கொடிகளுக்கெல்லாம் ஊற்றினேன். பூங்காவனத்தம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊத்துங்க தம்பி, நல்லா வேர்ல படுற மாதிரி ஊத்துங்க. காப்பி போட்டுட்டு வரேன். நீங்க நல்லா இருக்கணும்."

காப்பியில் சர்க்கரை அதிகம். ஆனாலும் குடித்தேன். அந்த வாரக் கடைசியில் தோட்டத்தில் வெறும் கம்புகள்தான் நின்றன. மருந்து தாமதமாகிவிட்டது என்று அவர்களே ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

தோட்டம் போனால் கல்யாணமும் தள்ளிப்போகும் என்று நினைத்திருந்தேன். கருணாகரன் வேறு மாதிரி ஆள். "தோட்டம் போனா போவட்டும் மச்சான். பத்து பெரெண்டாம் ஊருப் பக்கம் ஏதாச்சும் வேலை பாத்துக்கிறேன். ஆவணியில தாலி கட்டிடுவேன்லா" என்றார். அவர் சொல்லும்போது வடிவு கதவருகில் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன்.

அதன் பிறகுதான் கையைப் பற்றிச் சொன்னேன்.

சில மனிதர்களின் தோலில் செடிக்கு ஆகாத நோய் ஒட்டிக்கொள்ளும், அது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. அதனால் எங்கள் வீட்டில் இரண்டு தொட்டிகளில் மிளகாய்க் கன்று வைத்தேன். ஒன்றை அவர் தொட்டார், ஒன்றை நான் தொட்டேன். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என்னுடையது. இரண்டு நாளில் அவர் தொட்டது செத்தது. இன்னொரு தடவை பார்ப்போம் என்றார். பார்த்தோம். மூன்றாம் தடவை, கன்றின் மேல் ஒரு விரல் நுனியை மட்டும் வைத்து எடுத்தார். அதுவும் செத்தது. உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"கழுவினா போயிடுமா மச்சான்?"

ஆபீசில் தரை கழுவும் கார்பாலிக் அமிலம் ஒரு பாட்டில் கொடுத்தேன். தண்ணீர் கலக்கச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனி முடிவதற்குள் அவர் கைகள் முழங்கை வரை தோலுரிந்துபோயின. தாயார் தட்டைத் தொடக்கூடாது என்று தனி இலையில் சாப்பிட்டார். தோட்டத்துக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார். கடைசியாக என்னைப் பார்க்க வந்தபோது வாசற்படி ஏறாமல், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வடிவுகிட்ட சொல்லிடுங்க. நான் தொட்டா அவளுக்கும் ஏதாச்சும் ஆயிடும். அவ நல்லா இருக்கட்டும்."

அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உள்ளே வடிவு தோசைக்கல்லைக் கழுவும் சத்தம் கேட்டது. "நான் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

ஆடி கடைசி வாரம், பாட்டிலில் மிச்சமிருந்ததை அவர் குடித்துவிட்டார். உங்கள் போலீஸ் ஆட்கள் வந்து, பாட்டில் யாருடையது என்று கேட்டார்கள். தரை கழுவக் கொடுத்தது என்றேன். அது தரை கழுவுவதற்கானதுதான்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. பண்டார் ஹிலிர் திடலுக்கு ஊரே திரண்டு போனது. வடிவு வரவில்லை என்றாள், நானும் போகவில்லை. சாவு வீட்டிலிருந்து வந்த நாள் முதல் அவள் அழுது நான் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, மனுசன் கை பட்டா செடி சாவுமா?"

"சில பேர் கை பட்டால் சாகும்."

"அது ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்கொள்ளும்."

"என் கையை அவர் பிடிச்சிருக்காரு. அப்ப என் கை பட்டாலும் சாவணும்ல?"

எப்போது பிடித்தார் என்று கேட்டேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அதை நான் இன்னும் அவளிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் சமையலறை வாசலில் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்றை அவள் தினமும் காலையிலும் மாலையிலும் இலை இலையாகத் தடவிக்கொடுத்தாள். தண்ணீரையும் அவளே ஊற்றினாள். என்னைக் கிட்டே விடவில்லை. நான் சாப்பிடும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தத் தொட்டி நேரே தெரியும். ஏழு நாள். கன்று புதுத் துளிர் விட்டது. ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

எட்டாம் நாள், அரிசி டின்னுக்குப் பின்னால் நான் வைத்திருந்த பூஞ்சண நீர்ப் பாட்டிலை எடுத்து வந்து, என் கண் முன்னாலேயே மற்றத் தொட்டியில் ஊற்றினாள். நான் தடுக்கவில்லை. இரண்டு நாள் அந்தத் தொட்டியைச் சுற்றியே நடமாடினோம். அதிலிருந்த கன்று படுத்ததும் இரண்டு தொட்டிகளையும் பாட்டிலையும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்து உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். கொடிகளைக் கொன்றது நான். கருணாகரன் கையில் ஒரு குறையும் இல்லை என்பது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அவர் அந்தக் கார்பாலிக்கைக் குடிப்பார் என்பதும், உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஓரளவு தெரியும். இதில் நான் மறைப்பதற்கு எதுவுமில்லை.

வடிவு இப்போது பூங்காவனத்தம்மாவுடன் போய்த் தங்கிவிட்டாள், இனி அங்கேதான் இருப்பாளாம் என்று சொல்கிறீர்கள். துக்கத்தில் பேசுகிறாள். பத்து நாள் போனால் சரியாகிவிடும். வீட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. யாரிடமாவது கொடுத்தனுப்பி, வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். நான் வரும்வரை பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?