கள்ளன் யாருன்னு என்கிட்டயே கேக்குறாங்க

...பொலிஸாம், பொலிஸ்! கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. நீங்களும் டயகமதானே? பஸ் எடுக்க இன்னும் நேரமிருக்கு, கேளுங்க இந்தக் கூத்த.

எவனோ என் வட்சப்பத் திருடிட்டான். திருடுனவன் சும்மா இருந்தானா? உடப்புசல்லாவையில சம்பந்தி வீட்டுக்கு, மீனம்மாங்கிற என் பேர்லயே, அசிங்க அசிங்கமா படம் அனுப்பிட்டான். துணியில்லாத படம்! மக நிலக்ஷிக்குத் தையில கல்யாணம். 'இந்த வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்'னு சம்பந்தியம்மா இப்ப ஒத்தக் கால்ல நிக்கிது. அனுப்புனது நான் இல்லன்னு பொலிஸ் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதுக்குத்தான் போனேன்.

சார்ஜன் கேக்குறாரு, 'போன் எங்க?' இந்தா கையிலன்னேன். 'கையில இருக்குன்னா அப்பறம் என்னா களவு?' அட, உள்ள இருக்கிறத எடுத்துட்டாங்க சேர்ங்கிறேன்... 'ஹொரா கவுத?'ங்கிறாரு. கள்ளன் யாருன்னு என்கிட்டயே கேக்குறாங்க! தெரிஞ்சா நானே போயி அவன் சட்டையப் புடிச்சிருக்க மாட்டேனா?

தேயிலத் தோட்டத்து லயத்துல ஒருத்தன் ரெண்டு வெறகு எடுத்தா ஜீப்புல வந்து குதிக்கிறாங்க. இதுக்கு? கம்பியூட்டர் இருக்கு, இல்லேங்கல. துணி போத்தி வச்சிருக்காங்க, அதுக்குக் குளிருதாம்! பாஸ்வேர்ட கடதாசியில எழுதி அது நெத்தியிலயே ஒட்டியிருக்கு. இவங்க என் வட்சப்பக் காப்பாத்துவாங்களாம்... த்தூ! கடைசியில 'கொழும்புக்குப் போங்க'ன்னுட்டாரு. நான் கொழும்புக்குப் போனா கொழுந்த யாரு எடுக்கிறது, அவரா?

இருங்க, போன் அடிக்குது. நிலக்ஷி போனு இது. என்னோடது அப்படியானதுலேருந்து இதத்தான் தூக்கிட்டுத் திரியிறேன்... ஹலோ? ஆமாங்க சேர், மீனம்மாதான்... பொலிஸா! கொழும்புலேருந்தா! பாத்தீங்களாம்மா, நான் போட்ட சத்தத்துல ஆடிப்போயிட்டாங்க... சொல்லுங்க சேர். நம்பரா? இப்ப வந்த மெசேஜுலயா? ஆங், ஆறு நம்பர் இருக்குங்க. நாலு... ஏழு... ரெண்டு...

அய்ய, ஏம்மா போனப் புடுங்குறீங்க! யாருக்குமே சொல்லக்கூடாதா? நல்லா இருக்கே கத! காலையில வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுல கண்டாக்கையா 'நம்பர்!'னு அதட்டுனா நீங்க வாய மூடிக்கிட்டா நிப்பீங்க? நம்பர் கேட்டா சொல்லித்தானே பழக்கம்! அன்னைக்கும் இப்படித்தான் ஒரு சேர் அதட்டிக் கேட்டாரு, டக்குன்னு சொன்னேன். சொன்ன கையோட என் வட்சப்பு...

வட்சப்பு...

ஐயோ. ஏம்மா, இப்ப நான் எத்தன சொன்னேன்? மூணா, ஆறையுமா?