கிளட்ச் காலும் நரம்புத் தளர்ச்சியும்

ஹலோ... ஹலோ, ஹெப்ரான் டாக்டரா? கேளுங்க டாக்டரய்யா. என் இடது கால் செருப்பு தனியாப் பொறப்பட்டு, புன்னக்காயல் வரைக்கும் போயி, கடலைப் பாத்துட்டு, மறுநாள் பஸ் ஏறித் திரும்பி வந்துட்டு...

யாரா? அப்பாத்துரை பேசுதேன். ரிட்டையர்டு பஸ் டிரைவர். போன மாசம் எனக்கு மூத்திரப்பைக் கல்லு எடுத்தியள்லா... ஆமா, ஆமா, அதே அப்பாத்துரைதான். வைக்காதிய, வைக்காதிய. ரெண்டே நிமிசம்.

இல்ல, குடிக்கல... சரி, திரும்பி வந்தது பொய். போனது நெசம். ஆத்துல குளிக்க இறங்குனேன். செருப்பு கழண்டது எனக்கே தெரியல. பாதத்துல உணர்ச்சி இருந்தால்லா தெரியும்... ஆமா, இடது கால்தான். பாதம் மேல எழும்ப மாட்டேங்கு. கொடியில போட்ட ஈரத் துண்டு மாதிரி தொங்குது. நடந்தா டப்பு டப்புன்னு சத்தம். தெருநாயெல்லாம் எந்திரிச்சு வழி விடுது, யாரோ பெரிய ஆபீசர் வாராருன்னு.

சுகரா? எனக்கா? ஆபரேசனுக்கு முந்தி நீங்களே ரத்தத்தைச் சோதிச்சுட்டு, தாராளமா அல்வா தின்னலாம்னு சொன்னிய... ஆமா, தின்னேன்.

வயசா? ஒங்க ஆஸ்பத்திரிக்கு நானே வேன் ஓட்டிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனாங்க. உள்ள இருந்த நாலு நாள்ல அவ்வளவு வயசா ஆயிட்டு?

என்னது, நரம்புத் தளர்ச்சியா? ஐயா, அந்த வார்த்தையை மட்டும் விட்டுருங்க. வார்டுல நின்னு ஊருக்கே கேக்கிற மாதிரி அன்னைக்கும் அதைத்தான் சொன்னிய. பஸ் ஸ்டாண்ட் சுவத்துல அதே வார்த்தைக்குக் கீழ லாட்ஜ் ரூம் நம்பர் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கான். ஊருக்குத் தெரிஞ்ச நரம்புத் தளர்ச்சி அது ஒண்ணுதான். நான் காலைக் காட்டுதேன், ஊரு வேற எங்கயோ பாக்கு. முகம்மது சுல்தான், என்கூட கண்டக்டரா இருந்தவரு, மேலப்பாளையத்துலருந்து லேகியம் கொண்டாந்து, எம் பொஞ்சாதி பெர்சிஸ் பாக்காம தலையணைக்கு அடியில வச்சிட்டுப் போறாரு. ஜெபம் பண்ண வந்த பாஸ்டரு, எதுக்குன்னு கேக்கக் கூச்சப்பட்டு, எல்லா உறுப்புக்கும் பொதுவா ஜெபிச்சுட்டுப் போனாரு.

சிரிக்காதிய... எங்க வேதக்கோயில் சவவண்டியை இப்ப நான்தான் ஓட்டுதேன். கிளட்ச் மிதிக்கிற காலுய்யா இது. நான் படுத்துட்டேன்னு கேள்விப்பட்டு முக்கூடல்ல ரெண்டு பெருசுக சாவைத் தள்ளிப் போட்டுருக்காங்க... ஆமா, பெட்டி, பூ எல்லாம் சொல்லியாச்சு.

இல்ல, இல்ல, சண்டைக்கு வரல. நரம்பு டாக்டர் ஒருத்தருட்ட காட்டினேன். முழங்காலுக்குப் பக்கவாட்டுல நரம்பு நசுங்கியிருக்குங்காரு. ஆபரேசன்ல காலை எப்படி வச்சிருந்தாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த வைத்தியம் பாக்கலாமாம். நாளைக் கடத்துனா பாதம் எந்திரிக்கவே எந்திரிக்காதாம். அவரு நம்புதாரு, சுல்தான் நம்புதாரு, தெருநாய் நம்புது. நீங்க ஒருத்தர்தான் நம்பல.

கொஞ்ச நேரந்தான் வச்சிருந்தியளா? எங்க கொஞ்ச நேரம்? காலு ரெண்டையும் தூக்கிக் கம்பியில கெட்டிட்டு, நீங்க பாபநாசம் போயி, அருவியில குளிச்சு, ஒரு தூக்கமும் தூங்கிட்டு வந்திய... போகலையா? சரி, போகல. காலையில கெட்டுன காலை மறுநாள் சாயங்காலம்தான் அவுத்திய... என்ன? நாலு மணி நேரந்தானா? ...ஓ, கல்லு நழுவிட்டே இருந்துச்சோ. ஆமா, ஆமா. பெர்சிஸ்ட்ட முக்கா மணி நேரம்னுல்லா சொன்னிய?

இல்ல, குறுக்க பேசல. சொல்லுங்க... அந்தக் கம்பியில முள்ளு வேற சுத்தி வச்சிருந்திய... முள்ளு இல்லையா? மெத்தையா? சரி, மெத்தை. ரெண்டு பக்கமுமா? ...வலது பக்கம் வச்சிய. சந்தோசம். இடது பக்கம்?

...

வைக்க விட்டுப்போச்சா?

...ம். ...ம். அதை நர்ஸ் அப்பவே சொன்னாளா? ...ம்.

பைய, பைய. பதறாதிய தம்பி. கேசு போடுததும் போடாததும் பெர்சிஸ் கையில இருக்கு, அவளை நான் ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க முதல்ல அந்த நரம்பு டாக்டருக்குப் போனைப் போட்டு, இப்ப எங்கிட்டச் சொன்னதை அப்படியே சொல்லுங்க. வார்டுல சொன்ன அதே சத்தத்துல சொல்லுங்க... இப்பவே சொல்லுதியளா? சரி. சரி.

என்ன தம்பி? கேக்கல... இன்னும் கொஞ்சம் சத்தமா...

தப்பு நடந்துபோச்சா?

...சரி. இதைக் கேட்டதுக்கே பாதிக் காலு நல்லாயிட்டு. வைக்கேன்.