ஸ்டியரிங்கில் கட்டிய சிவப்புத் துணி

கையில் ஏறிய கிரீஸ் போக சோப்பு வேண்டியதில்லை. ஒரு கரண்டி சீனியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போதும். நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகாது. அதற்கு இரண்டு நாள் பாத்திரம் தேய்க்க வேண்டும். இதை நான் பதினைந்து வயதில் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தை விட்ட வருடம் அது.

இது என் பதினொன்றாவது நோட்டு. முதல் நோட்டைத் தவிர மற்ற எதையும் யாரும் பார்த்ததில்லை. நான் அதிகம் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொன்னால் படிப்பவர் யாராக இருந்தாலும் நியாயம் புரியும் என்று நினைக்கிறேன்.

எழுமலைக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது எங்கள் பட்டறை. அப்பா பெயர் சுருளி. முப்பது, நாற்பது வருடத்துப் பழைய டிராக்டர்களைத்தான் அவர் பார்ப்பார். அவற்றுக்கு இப்போது கடையில் சாமான் கிடைப்பதில்லை. அதனால் ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றுக்குப் பொருத்துவார். லாரியின் டைனமோ டிராக்டரில் ஓடும். காரின் ஸ்டியரிங் பம்ப் ஓடும். உடைந்த இரும்புக் கட்டிலின் சட்டம் மேற்கூரையாகும். செல்ஃப் மோட்டார் செத்த வண்டிகளுக்காகப் பட்டறை முன்னால் மண்ணை வெட்டிச் சரிவு போட்டிருக்கிறோம். மேட்டில் நிறுத்திவிட்டால் காலையில் உருட்டிக் கிளப்பிக்கொள்ளலாம். அப்பாவின் அப்பா காலம்வரை எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். அந்த நிலங்களை உழும் வண்டிகள் இப்போது அப்பா கைபட்டால்தான் ஓடும். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அப்பா யாருக்கும் சீட்டு எழுதித் தருவதில்லை. அவரிடம் இருப்பது துணிதான். அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துத் துண்டுகளாக வைத்திருப்பார். வேலை பாதியில் நிற்கும் வண்டியின் ஸ்டியரிங்கில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார். துணி இருந்தால் வண்டிக்குச் சொந்தக்காரரே ஆனாலும் ஏற மாட்டார். துணி இல்லையென்றால் வேலை முடிந்தது, அப்பா இல்லாவிட்டாலும் எடுத்துக்கொண்டு போகலாம். சுற்றுப்பட்டு ஊர்களில் டிராக்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

தங்கப்பாண்டி மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. பழக்கத்தில் மாமா. அவருடைய நீல டிராக்டருக்கு என் வயதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். வாடகைக்கு உழுவார், டிரெய்லர் மாட்டிச் செங்கல் ஏற்றுவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். அவர் வந்தால் பட்டறையில் சிரிப்பு இருக்கும், அவ்வளவுதான்.

நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது என் முதல் நோட்டை ஸ்பானர் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். அப்போது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வகுப்பில் எழுந்து நின்றால் குரல் வராது. அதனால் சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்தில் பட்டறையில் நிற்கும் ஏதாவது ஒரு டிராக்டரின் முன்விளக்கைப் பார்த்துப் பேசிப் பழகுவேன். அதை நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

ஒருநாள் சாவி தேடியபோது மாமாவின் கையில் அந்த நோட்டு கிடைத்தது. டீ வந்திருந்த நேரம். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நட்டுகளை டீசலில் கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஏ சுருளி, ஒம் மக என் வண்டி லைட்டுகூடப் பேசிப் பழகுறாளாம்ல.”

“என்னத்தப் பேசுனாளாம் மாப்ள?” என்று கேட்டார் பேயாண்டி. அவரும் டிராக்டர்காரர்தான்.

“இரு, வாசிக்கேன். ‘இன்று முன்விளக்கிடம் மூன்று நிமிடம் பேசினேன். வணக்கம் டீச்சர், என் பெயர் முத்துமீனா என்றேன். அது கேலி செய்யவில்லை.’ இம்புட்டுத்தான். இதுக்கு மூணு நிமிசம்.”

“லைட்டு என்ன சொல்லுச்சாம்?”

“என்ன சொல்லும், டிம்மு பிரைட்டு அடிச்சிருக்கும்.”

பேயாண்டிக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அப்பாவும் சிரித்தார். அதிகமில்லை. வாடிக்கைக்காரர் சிரிக்கும்போது கூடச் சிரிக்கிற அளவு.

மாமாவின் மகள் பவதாரிணி என் வகுப்பு. அவர் வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறார், வேடிக்கையாகத்தான். இரண்டு நாள் கழித்து வகுப்பில் நான் பாடம் வாசிக்க எழுந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து யாரோ என் முகத்தில் டார்ச் அடித்தார்கள். அணைத்து அணைத்து அடித்தார்கள். சாவித்ரி டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. நான் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பிறகு பரீட்சை வந்து போனது.

நான் பட்டறையில் வேலை பழகினேன். என் கை சிறியது, அப்பாவின் கை நுழையாத இடத்தில் நுழையும். பிரேக் வேலை முழுக்க என்னிடம் வந்தது. மாமா ஒவ்வொரு முறை வரும்போதும் தன் வண்டியின் முன்விளக்கைத் துண்டால் துடைத்துவிட்டு, “மாப்பிள்ளை வந்திருக்காரு தாயி, பேசு” என்பார். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு முறை. தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். நான் மிகைப்படுத்துகிறவள் இல்லை.

பழைய டிராக்டரின் பிரேக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் இரண்டு மிதிகள் இருக்கும். இடது மிதி இடது சக்கரத்தைப் பிடிக்கும், வலது மிதி வலது சக்கரத்தைப் பிடிக்கும். வயலில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலையில் போகும்போது இரண்டையும் ஒரு இரும்புப் பட்டையால் இணைத்துச் சேர்த்து மிதிக்க வேண்டும். ஒரு சக்கரம் பிடித்து மற்றது பிடிக்காமல் போனால், வேகத்தில் வண்டி பிடித்த பக்கமாகச் சுழன்றுவிடும்.

புரட்டாசியில் சேற்று வயலில் தொழி உழவு முடிந்து மாமா வண்டியைக் கொண்டுவந்து விட்டார். வலது பிரேக் பிடிக்கவில்லை. அப்பா கழற்றிப் பார்த்தார். பிரேக் ஷூ தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. “நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கோ” என்று மாமாவை அனுப்பிவிட்டு, ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, அதில் புது லைனிங் பட்டை ஒட்ட மறுநாள் காலையில் உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினார். போகும் முன் தூசி போகாமல் இருக்க வெறும் மூடியை மட்டும் மாட்டினோம். கடைசி போல்ட்டை முறுக்கியது நான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். அதற்குத்தானே துணி. அப்பா ஸ்டியரிங்கில் கட்டினார். இரண்டு முடிச்சு.

பதினொரு மணிக்கு மாமா டீக்கடை முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். சாயங்காலம் வரவேண்டியவர். அங்கே யாரிடமோ நின்று பேசினார். எனக்கு நேரம் இருந்தது. அப்பாவின் முடிச்சு இறுக்கமாக இருந்ததால் பல்லால் இழுத்தேன். துணியை மடித்து மற்ற துண்டுகளோடு வைத்தேன்.

“என்ன தாயி, அப்பன எங்க? போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறான்.”

நான் ஏதும் சொல்லவில்லை.

“தங்கச்சி பிள்ளைக்கு நாளக் கழிச்சுக் காதுகுத்து. திருமங்கலத்துல போய்ப் பாத்திரம் ஏத்தணும். வண்டி முடிஞ்சிருச்சா?” என்றவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். “அட, துணியக் காணோம். ஒங்கப்பன் சூரன்தான்.”

நான் தலையாட்டவில்லை. அவரே டிரெய்லரை மாட்டினார், அவரே ஏறினார், அவரே சரிவில் உருட்டிக் கிளப்பினார். நாலு கிலோமீட்டரில் கண்மாய்க் கரை இறக்கம். அங்கே வண்டி இடது பக்கம் சுழன்று கவிழ்ந்தது. அவர் அடியில் இருந்தார்.

போலீஸ் வந்தபோது என்னைக் கேட்டார்கள். அம்மாதான் முன்னால் வந்து, “அது பேசாத பிள்ள சார்” என்றார். ஏட்டையா தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நானும் இந்த நோட்டில் அப்படியே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் என்னைப் பேசத் தெரியாதவள் என்றார்கள். நான் பேசாமல் இருந்தேன். ஒரு துணியை அவிழ்த்தது பெரிய குற்றமா என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடியிருப்பேன்.

ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன்.

மாமா வண்டியில் ஏறியதும் உடனே கிளம்பவில்லை. சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அன்று முன்விளக்கைத் துடைக்கவில்லை.

“தாயி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் ஒன் நோட்ட வாசிச்சது தப்புத்தான். பவதாரிணி காலேஜுக்குப் போறப்பல்லாம் சொல்லிக் காட்டுறா. ‘ஒன்னாலதான்ப்பா அவ நின்னா’ங்கிறா. திருமங்கலத்துல டுட்டோரியல் ஒண்ணு இருக்கு. நேராப் பரீட்சை எழுத வைக்கிறாங்களாம். இன்னிக்கு அங்கனயும் எட்டிப் பாத்துட்டு வாரேன். நீ படிக்கிறியா?”

மூன்று வருடமாக நான் எதிர்பார்த்திராத பேச்சு. உண்மையைச் சொன்னால் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நாற்பத்தொரு முறையும் ஒரே நிமிடத்தில் இல்லாமல் போய்விட வேண்டுமா? கணக்கு இப்படி முடியக் கூடாது என்று தோன்றியது. அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இறங்கியிருப்பார். வார்த்தை வாயில் இருந்தது. குரலும் வந்தது.

“பிரேக் புதுசு மாமா,” என்றேன். “மொதல்ல ஒரு பக்கம் இழுக்கும். பயப்படாம நல்லா அழுத்தி மிதிங்க. பழகிரும்.”

புது லைனிங் போட்டால் அப்படித்தான் இழுக்கும். அது அவருக்கும் தெரியும். வண்டி இழுத்தாலும் காலை எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதைச் சொன்னேன். போகும்போது டிரெய்லரில் ஆள் யாரும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். வரும்போது சொந்தக்காரர்கள் ஏறியிருப்பார்கள், ஆனால் அதற்கு முன்பே கண்மாய் இறக்கம் வந்துவிடும். நான் யோசிக்காமல் எதையும் செய்வதில்லை.

மாமாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. சீட்டில் இருந்தபடியே போனை எடுத்தார். “பாப்பா, முத்துமீனா எங்கிட்டப் பேசிருச்சு. நல்லா, கணீர்னு பேசுச்சு” என்று மகளிடம் சொன்னார். பிறகுதான் வண்டியை உருட்டினார்.

காரியம் முடிந்த மறுநாள் பவதாரிணி வந்தாள். மெலிந்திருந்தாள். “எங்கப்பாகிட்ட என்ன பேசுன? அதாண்டி அவரு கடைசியா எங்கிட்டச் சொன்னது” என்று கேட்டாள். நான் எதுவும் பேசவில்லை என்று தலையாட்டினேன். “சும்மா சொல்லிருக்காரு. என்னச் சமாதானப்படுத்தச் சொல்லிருக்காரு” என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாமேல் அஜாக்கிரதை என்று வழக்குப் போட்டு, பிடித்துப்போன அன்று மாலையே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். வண்டியில் துணி இல்லை என்றதும் அவரே, “கட்ட மறந்துட்டேன் போல சார்” என்று சொல்லியிருக்கிறார். மாமாவின் மனைவி மலையம்மாள் அத்தை ஒருநாள் பட்டறைக்கு வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். அப்பா தலையில் விழுந்த மண்ணைத் தட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் ஸ்பானரைத் தொடவில்லை. வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். பேயாண்டியின் வண்டிக்குக்கூட நேற்று ஹைட்ராலிக் பம்ப் மாற்றிக் கொடுத்தேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். “முடிச்சுப் போட்டது விரல்ல இருக்கு பாப்பா. ஆனா துணி இல்லயே” என்பார். இரவில் தூங்குவதில்லை என்று அம்மா சொல்கிறார்.

இன்று காலையில் என் பக்கத்தில் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

“நீதான கூட நின்ன. கோர்ட்ல நான் என்னத்தச் சொல்ல? வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன், நீ சொன்னா நம்புறேன். நான் கட்டுனேனா, கட்டலயா?”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு அது புதிதாக இருந்திருக்காது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

“கட்டலப்பா,” என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தோள் குலுங்க, வெகுநேரம் அழுதார். சந்தேகத்தோடு கிடப்பதைவிட ஒன்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் இனி அவருக்குத் தூக்கம் வரும். அதற்காகத்தான் சொன்னேன். அப்பாமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.