இது எந்த மிருகம்?

ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள். மஞ்சள் சேலை கட்டிய மனைவியின் மடியில் ஒரு புதுக் கைப்பை.

"ஏங்க, இது எந்த மிருகம்?"

"என்ன மிருகம்? பேக்லா. கல்யாண நாளுக்கு வாங்கிக் குடுத்தேன்ல."

"பூச விரதத்துல இருக்கேன். தோலா இருந்தா கோயிலுக்குள்ள கொண்டு போக மாட்டேன்."

"லெதர்னுதான் கடையில சொன்னான்."

"லெதர்னா தோல்தானே."

"இப்பல்லாம் அப்படி இல்ல. காளான்ல செஞ்சாலும் லெதர்னுதான் சொல்றாங்க."

"அப்ப இது காளானா?"

"சேச்சே. ஒரிஜினல் மாட்டுத் தோலு. உனக்குப் போயி மட்டமானத வாங்குவேனா?"

மனைவி போனையும் பர்ஸையும் ஒரு பிளாஸ்டிக் பைக்கு மாற்றினார். காலிக் கைப்பையைக் கணவர் மடியில் வைத்தார்.

"அப்ப இத வச்சுக்கிட்டு நீங்க வாசல்லயே நில்லுங்க. நான் அபிஷேகம் பாத்துட்டு வர்றேன்."

கோயிலுக்கு இறங்கும் மார்க்கெட் ஸ்டாப் வந்தது. இறங்க எழுந்தபோது கணவர் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இத உள்ள கொண்டு போலாம்லா."

"தெரியும். குடுத்த அன்னைக்கே மோந்து பாத்துட்டேன்."