பிளேன் பிட்டியில் மூன்று மூட்டை செத்தல்

மார்ஜரி: மெதுவா தும்முங்கப்பா... அம்மா எந்திரிச்சிரும்.

ஞானரட்ணம்: மெதுவா தும்முறது எப்புடினு நீ ஒருக்கா தும்மிக் காட்டு. மூணு நாளா மூக்குக்குள்ள யாரோ குடும்பத்தோட குடியிருக்கிற மாதிரி இருக்கு.

மார்ஜரி: துவாய வச்சு பொத்துங்க. வெளிய கேட்டா என்னா ஆகும்?

ஞானரட்ணம்: என்னா ஆகும், ஆமிக்காரங்க தும்முறவங்க லிஸ்ட்டுல நம்மளயும் சேப்பாங்க. இன்னைக்கு சந்தி செக் பொயின்ட்டுல தம்புள்ள பஸ்ஸ நிப்பாட்டி, தும்முறவங்க இந்தப் பக்கம், தும்மாதவங்க அந்தப் பக்கம்னு நிக்க வச்சாங்களாம். டிரைவர் தும்முற பக்கம் போயிட்டாரு. கண்டக்டர் தும்மாத பக்கம். பஸ்ஸு ரெண்டு மணித்தியாலம் நடு ரோட்டுல அனாதையா நின்னுச்சாம்.

மார்ஜரி: சிரிக்காதீங்கப்பா.

ஞானரட்ணம்: சிரிக்கல... அடுத்தது வருது. நீ ஏன் இன்னும் தூங்கல? மணி ஒண்ணு இருக்கும்.

மார்ஜரி: நீங்களுந்தான் தூங்கல.

ஞானரட்ணம்: நான் காவல்காரன்.

மார்ஜரி: காவல்காரங்க பகல்ல தூங்குவாங்க.

ஞானரட்ணம்: அதனாலதான் ராவுல தூக்கம் வரல. போ, போய் படு.

மார்ஜரி: அப்பா... ஒண்ணு சொல்லணும். சொன்னா கத்தக் கூடாது.

ஞானரட்ணம்: தும்மவே பயமா இருக்கு, இதுல எங்க கத்துறது. சொல்லு.

மார்ஜரி: பிளேன் பிட்டியில... ஒங்க கேம்ப்பு மைதானத்துல, வெசவாயுனு சொல்றாங்களே. ஹெலிகொப்டர் எறங்குறப்ப செவப்பா கெளம்பி, எல்லாரும் கண்ணப் பொத்திக்கிட்டு ஓடி, சைரன் ஊதி...

ஞானரட்ணம்: என்ட்டயே கத சொல்றியா?

மார்ஜரி: அது வெசவாயு இல்லப்பா. நம்ம வீட்டு செத்தல் மொளகா. நான்தான் கொண்டு போய் காயப் போட்டேன். மூணு மூட்ட.

ஞானரட்ணம்: தெரியும்.

மார்ஜரி: என்னது?

ஞானரட்ணம்: சாக்கு வாயில உங்கம்மா போடுற தையல் எனக்குத் தெரியாதா? சாக்குக்குப் போய் கல்யாணச் சட்ட மாதிரி பூத்தையல் போடுறவ இந்த மாத்தளையிலயே அவ ஒருத்திதான். மூணு சாக்கையும் புல்லுக்கட்டுக்குள்ள சுருட்டி எடுத்துட்டு வந்து அடுப்புல வச்சிட்டேன். அன்னைக்கு நீ தின்ன சோறு அதுல வெந்ததுதான்.

மார்ஜரி: மூணு நாளா தெரிஞ்சுக்கிட்டா இருக்கீங்க? நான் மூணு நாளா சாகுறேன்...

ஞானரட்ணம்: அழாத. அழுதா மூக்கு ஒழுகும். மூக்கு ஒழுகினாலும் லிஸ்ட்டுல போடுறாங்களாம். ஏன் புள்ள அங்க போன? வேற எடமா இல்ல?

மார்ஜரி: ஒரு கெழமையா மழ. மொளகாயில பூஞ்சணம் வந்துருச்சு. அம்மா ஒவ்வொண்ணா தொடச்சுத் தொடச்சு வச்சிச்சு. அன்னைக்குத்தான் வெயில் வந்துச்சு. நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, பிளேன் பிட்டி தாருல போட்டா ஈரச் சேலகூட பேசிக்கிட்டு இருக்கையிலயே காஞ்சிரும்னு.

ஞானரட்ணம்: நான் சொன்னது எழுவத்திரெண்டாம் வருசத்துக் கத.

மார்ஜரி: வருசம் சொல்லலயே நீங்க.

ஞானரட்ணம்: அப்ப அது ஊர் சொத்து. வெள்ளக்காரன் சண்டைக்குப் போட்ட தாரு. சண்ட முடிஞ்சதும் சுருட்டிக்கிட்டுப் போக முடியாம விட்டுட்டுப் போயிட்டான். நான் வேலைக்குப் போறப்ப பிளேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரிய போர்டு ஒண்ணுதான் இருந்துச்சு, விமான நிலையம்னு. பழைய கல்லுக்கோட்ட பாக்க சுத்துலா வர்ற வெள்ளக்காரங்கள நேரா கொண்டாந்து எறக்கப் போறாங்கனு பேச்சு. எனக்கு ஒரு விசில், ஒரு புத்தகம். தெனம் அதுல எழுதணும், இன்று விமானம் வரவில்லைனு.

மார்ஜரி: நூறு தடவ சொல்லிட்டீங்க.

ஞானரட்ணம்: ஒரு மாசத்துக்கு உண்டானத ஒரே நாள்ல எழுதிட்டேன். எழுதி மூணாவது நாள் பிளேன் வந்துருச்சு! மேல சுத்துது... கீழ நம்ம ஊரு நாச்சியா மொளகு காயப் போட்டிருக்கா. நான் விசில ஊதுறேன், அவ நிமுந்து பிளேன பாத்து கைய காட்டுறா, 'செத்த இரு, அள்ளிக்கிறேன்'னு. அவ அள்ளுற வரைக்கும் சுத்திட்டுத்தான் எறங்கினான். பைலட் மாத்தியா வந்து புத்தகத்த எடு, கையெழுத்து வைக்கணும்ங்கிறாரு. நான் சொன்னேன், சார், இன்னைக்குப் பிளேன் வரலனு எழுதியாச்சு, மேல சீலும் குத்தியாச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது.

மார்ஜரி: ...அவரு?

ஞானரட்ணம்: யோசிச்சாரு. 'சரி, அப்ப நான் வரல'னுட்டு ஒரு பை மொளக வாங்கிக்கிட்டு ஏறிப் போயிட்டாரு.

மார்ஜரி: அப்பா, லோரன்ஸ கேம்ப்புல உள்ள வச்சிருக்காங்க. நீங்க நாச்சியா கத சொல்றீங்க.

ஞானரட்ணம்: எந்த லோரன்ஸ்?

மார்ஜரி: தெரியாத மாதிரி கேக்காதீங்க. சாலிஹ் மொதலாளி லொறியில கிளீனரா போறவன். தெரேசாக்கா தம்பி.

ஞானரட்ணம்: ஆங்... அவனா. தும்மியிருப்பான். அதான் புடிச்சிருப்பாங்க.

மார்ஜரி: காலையில ஆறு மணிக்கு கொழும்புக்குக் கொண்டு போறாங்களாம். தெரேசாக்கா கேம்ப் கேட்டடி மண்ணுல உருண்டு அழுதுச்சு. அப்பா, போன வருசம் கொழும்புக்குக் கொண்டு போன பொன்னையா மாமா மகன் எங்க? வந்தானா?

ஞானரட்ணம்: மெதுவா பேசு.

மார்ஜரி: நீங்க போய்ச் சொல்லுங்கப்பா. இருவத்தி நாலு வருசமா அங்க வேல செய்றீங்க. 'சார், அது மொளகா'னு ஒரு வார்த்த.

ஞானரட்ணம்: ஒரு வார்த்தையா? அந்த வார்த்தைய ஏற்கனவே ஒருத்தன் சொல்லிட்டான். கேம்ப்புல சமைக்கிற பண்டா. சட்டியில சம்பல் கிண்டிக்கிட்டே வந்து, தரையிலருந்து ஒண்ண எடுத்துக் கடிச்சுப் பாத்து, 'சார், மே மிரிஸ்'னான். மொளகாதான் சார்னு சத்தியம் பண்ணினான்.

மார்ஜரி: அப்புறம்?

ஞானரட்ணம்: உள்ள வச்சிட்டாங்க. வெசத்த தின்னுட்டு ஒண்ணும் ஆகலன்னா, முன்னயே மாத்து மருந்து சாப்பிட்டிருக்கான்னு அர்த்தமாம். இப்ப மூணு நாளா சமைக்க ஆளில்ல. கேம்ப்பு முழுக்க பாணும் வாழப்பழமும்.

மார்ஜரி: கொழும்புலருந்து சோதிக்க வந்தாங்களே, படிச்சவங்க?

ஞானரட்ணம்: வந்தாங்க. மூஞ்சியில கண்ணாடி, பன்னி மாதிரி ஒரு மூக்கு. கொறட்டால ஒரு மொளகாய புடிச்சு போத்தல்ல போட்டு, போத்தல பெட்டியில போட்டு, பெட்டிய ஜீப்புல வச்சு, ஜீப்புக்கு முன்னாலயும் பின்னாலயும் ஆமி. மொளகாய்க்கு அப்புடி ஒரு ஊர்வலம் எங்கயும் நடந்திருக்காது. நேத்து பதில் வந்துச்சு. மொளகா மாதிரி நெறம், மொளகா மாதிரி வாசம், மொளகா மாதிரி ஒறப்பு.

மார்ஜரி: அப்ப மொளகானு தெரிஞ்சிருச்சே!

ஞானரட்ணம்: மொளகாய மாதிரியே செஞ்ச வெசம்னு முடிச்சிருக்காங்க. வேற எப்புடி எழுதுவாங்க? கொழும்புலருந்து ஹெலியில வந்த பெரிய மாத்தியா அத்தன ஆமிக்காரங்க முன்னால கண்ணுலயும் மூக்குலயும் கொட்டக் கொட்ட, 'அம்மே, அம்மே'னு உக்காந்துட்டாரு. மார் நெறைய மெடலு. அந்தாள அழ வச்சது மொளகானு எவன் கையெழுத்து வைப்பான்? அது குண்டாத்தான் இருக்கணும். சின்னக் குண்டா இருந்தாலும் பத்தாது.

மார்ஜரி: முன்னாடியெல்லாம் காயப் போட விட்டாங்கதானே, கேம்ப்பு வந்த பொறகும்?

ஞானரட்ணம்: விட்டாங்க. எம்பத்தஞ்சுல கேம்ப்பு வந்து முள்ளுக்கம்பி அடிச்சப்பகூட, சாஜன் மாத்தியா பாஸ் குடுத்தாரு. மொளகாய்க்கு பாஸ்! 'மொளகா, ஒரு மூட்ட, உள்ள போகலாம், நாலு மணிக்கு வெளிய வரணும்'. ஊருக்காரி கமலாட்சி பாஸ தொலச்சிட்டு, மொளகாய ரெண்டு நாளு உள்ளயே விட்டுட்டு வெளிய நின்னு அழுதா. பொறகு சந்தியில கட தொறந்தாங்க. எயார்போர்ட் சலூன், எயார்போர்ட் பேக்கரி, எயார்போர்ட் ஸ்டூடியோ. ஆமிக்காரங்க தல வெட்டி, போட்டோ புடிச்சு ஊருக்கு அனுப்புவாங்க. அப்புறம் வடக்குச் சண்டையிலருந்து பொணம் பொட்டி பொட்டியா வர ஆரம்பிச்சிச்சு... ஒவ்வொரு பொட்டிக்கும் கம்பி ஒரு சுத்து கூடிச்சு. மறைக்குதுனு புளிய மரத்த வெட்டினாங்க. பாஸ நிப்பாட்டினாங்க. இப்ப எனக்கே ஒரு நாளைக்கு நாலு தடவ சோதன. புல்லு வெட்டுற கத்திய வாங்கி வச்சிட்டு, உள்ள போய் புல்லு வெட்டுங்கிறான்.

மார்ஜரி: கதைய விடுங்கப்பா. நானே போறேன். விடிஞ்சதும் கேட்டுல போய் நின்னு, நான்தான்னு சொல்றேன்.

ஞானரட்ணம்: உக்காரு.

மார்ஜரி: பொம்பளப் புள்ளைய என்னா செய்வாங்க, ஏசுவாங்க...

ஞானரட்ணம்: உக்காருனு சொல்றேன்! ...பாரு, அம்மா பொரண்டு படுக்குறா. உக்காரு. பொம்பளப் புள்ளைய என்னா செய்வாங்கனு ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் உள்ள வேல செய்றவன்.

மார்ஜரி: அப்ப அவன் மட்டும் சாகணுமா?

ஞானரட்ணம்: யாரும் சாக மாட்டாங்க. கோயில் பங்குச்சாமிட்ட சொல்லியிருக்கேன். மொதலாளியும் யாரோ ஐயாவ பாக்கப் போயிருக்காரு. விசாரிப்பாங்க, விட்டுருவாங்க. ஆமா, மூணு மூட்டையயும் நீ தனியாவா தூக்கிட்டுப் போன?

மார்ஜரி: ...ஒண்ணொண்ணா.

ஞானரட்ணம்: கம்பிக்குள்ள எப்புடிப் போன?

மார்ஜரி: கீழ தண்ணி போற கான் இருக்குல்ல. குனிஞ்சு... தனியாத்தான்.

ஞானரட்ணம்: சரி. தனியாத்தான். யாரு கேட்டாலும் அங்க போகவே இல்லனு சொல்லு. அன்னைக்கு ஒனக்கு வயித்து வலி, வீட்டுல படுத்திருந்த. வெளங்குதா?

மார்ஜரி: லோரன்சுக்கு யாரு வயித்து வலினு சொல்றது?

ஞானரட்ணம்: அந்தப் பையன பத்திக் கவலப்படாத. நல்ல பையன். நெஞ்சழுத்தம் உள்ளவன். மூணு நாளா என்னா செஞ்சும் வாயத் தொறக்கலயாம். ஒம்பேரு இன்னும் வரவே இல்ல.

மார்ஜரி: எம்பேரு ஏம்ப்பா வரணும்?

ஞானரட்ணம்: இல்ல... சும்மா சொன்னேன்.

மார்ஜரி: நான் தனியாப் போனேன்னு இப்பத்தானே சொன்னேன். அவனுக்கு எம்பேரு எப்புடித் தெரியும்?

ஞானரட்ணம்: கோயில்ல பாத்திருப்பான். நீ பாட்டுல நிக்கிறவதானே. தூங்கு புள்ள, வாய் ஒளறுது எனக்கு.

மார்ஜரி: அவன் தும்மவே இல்லப்பா.

ஞானரட்ணம்: ம்?

மார்ஜரி: நீங்கதான் தும்மினதுக்குப் புடிச்சாங்கனு சொன்னீங்க. தெரேசாக்கா அப்புடிச் சொல்லல. ஜீப்பு எங்கயும் நிக்காம நேரா அவங்க லயத்து வீட்டு வரிசைக்குத்தான் வந்துச்சாம். மூணாவது காம்பரா, அவங்க வீட்டுக் கதவத்தான் தட்டினாங்களாம். 'சேவியர் மகன் லோரன்ஸ் வெளிய வா'னு அப்பன் பேரோட கூப்பிட்டாங்களாம்.

ஞானரட்ணம்: ஆமிக்காரங்களுக்கு ஆயிரம் வழி இருக்கு.

மார்ஜரி: ...அவன்தான் தூக்கினான்ப்பா.

ஞானரட்ணம்: மெதுவா.

மார்ஜரி: ரெண்டு மூட்டைய அவன் தூக்கினான், ஒண்ண நான். மழையில லொறி போகல, சும்மா இருந்தான். நான்தான் கூப்பிட்டேன். வேணாம்னு சொன்னான். ஒங்கப்பா வேல போயிரும்னு சொன்னான். பரப்பி முடிச்சதும், மொளகா மேல மிதிக்காதடானு சொல்லச் சொல்ல, ரெண்டு கையயும் விரிச்சுக்கிட்டு, வாயாலயே சத்தம் போட்டுக்கிட்டு, பிளேன் மாதிரி அந்தத் தாரு முழுக்க ஓடினான். 'எறங்கலாமா, கன்ட்ரோல், எறங்கலாமா'னு... நான் சிரிச்சு முடிக்கல, அசல் ஹெலி சத்தம் வந்துருச்சு. அப்பா, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

ஞானரட்ணம்: காவல் கொட்டாய்க்குள்ள. தூங்கிட்டு இருந்தேன்.

மார்ஜரி: ஹெலி சத்தத்துல தூக்கமா?

ஞானரட்ணம்: முழிச்சிட்டேன்.

மார்ஜரி: முழிச்சு?

ஞானரட்ணம்: வெளிய வந்தேன். செவப்பா இருந்துச்சு. ஒண்ணும் தெரியல.

மார்ஜரி: ஒண்ணுமே தெரியலயா?

ஞானரட்ணம்: மார்ஜரி... பெரிய மாத்தியா துவக்கு மொனைய என் வயித்துல வச்சாரு. கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த, நீதானே காவல்காரன், ஓடினது எத்தன பேரு, யாருனு கேட்டாரு. தெரியாதுனா நானும் கூட்டுனு ஆயிரும். நான் போனா ஒங்கள கூட்டிட்டுப் போக வீட்டுக்குத்தான் வருவாங்க.

மார்ஜரி: என்னா சொன்னீங்க? ...அப்பா, என் மூஞ்சிய பாத்துச் சொல்லுங்க. அவங்கட்ட என்னா சொன்னீங்க?

ஞானரட்ணம்: கானுக்குள்ள ரெண்டு பேரு குதிச்சத பாத்தேன் புள்ள. ஒருத்தர் பேரத்தான் சொன்னேன்.