திருத்திய ஒரு சொல்

வகுப்பில் நாவல் நடத்துகிறவனுக்கு நல்ல தொண்டை இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். எனக்கு அது உண்டு. இராமநாதபுரத்துக் கல்லூரி ஒன்றில் பதினோரு வருடங்கள் ஒரே ஆங்கில நாவலை நடத்தினேன். உயிர் நண்பனை மாளிகையின் நிலவறையில் பூட்டிவிட்டு, அவனைக் காணவில்லை என்று ஊரெல்லாம் தேடுகிற ஒரு பிரபுவின் கதை. பழைய பேய்க்கதைதான். மாணவர்களுக்குப் பிடிக்கும்.

பூமிநாதனும் எங்கள் துறைதான். உச்சிப்புளிக்கு உள்ளே விவசாயக் குடும்பம். இந்த வேலைக்கு அவனை விண்ணப்பிக்கச் சொன்னவனும், விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தவனும் நான். 1987இல் அவன் அந்த நாவலையும் அதை எழுதியவரையும் உளப்பகுப்பாய்வு முறையில் ஆராய்ந்து நாற்பது பக்கக் கட்டுரை எழுதினான். அவன் மனைவி சண்முகவள்ளி தட்டச்சு செய்தார். முதலில் என்னிடம்தான் படிக்கக் கொடுத்தான்.

நாவலாசிரியருக்கு ஒரு கவிஞர் நண்பர். கடிதங்களில் அவரை வாய் ஓயாமல் புகழ்வார். ஆனால் நண்பரின் புத்தகம் வெளியாகும்போதெல்லாம் இவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். பூமிநாதன் தேதிகளை ஒப்பிட்டுக் காட்டியிருந்தான். நிலவறையைப் பூட்டியது எழுதியவரின் பொறாமை, அது பொறாமை என்பது கடைசிவரை அவருக்கே தெரியாது என்று முடித்திருந்தான். இத்தனை வருடம் நடத்தியும் என் கண்ணில் அது படவில்லை. மைசூர்க் கருத்தரங்கில் வாசிக்க அவனுக்கு அழைப்பு வந்தது. அந்த வாரம் எனக்கு உடம்பு சரியில்லை. பருவம் மாறும்போது கடற்கரையில் அப்படித்தான்.

தேறியதும் அவனைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப்போனேன். ஒரு பாராட்டாக இருக்கட்டுமே என்று. அவனுக்கு நீச்சல் தெரியாது. நான் பாம்பனில் வளர்ந்தவன். மணல் எந்த இடத்தில் சட்டென்று இறங்கும் என்று எனக்குத் தெரியும். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆழமா என்று கேட்டான்.

“ஏலே, அங்கன முழங்கால் தண்ணிதான். போ.”

போனான். இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் அவன் செருப்புகளை ஈரம் படாமல் மேட்டில் எடுத்து வைத்தேன். பிறகு மீனவர் குடிசைகள் வரை நடந்துபோய்ச் சொன்னேன். கபீர் என்பவர் படகை எடுத்தார். மதியத்துக்குள் உடல் கிடைத்தது. நான் அழுதேன். அதில் நடிப்பு இல்லை.

மைசூரில் கட்டுரையை நானே வாசித்தேன், என் பெயரில். நல்ல உழைப்பு வீணாகக் கூடாது. மறுவருடம் அது தொகுப்பில் அச்சாகி வந்தது. சண்முகவள்ளி அந்தப் புத்தகத்தையும் தன் கார்பன் பிரதியையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அண்ணே, எங்க வீட்டுக்காரர் எழுதுனத அப்படியே போட்டிருக்கீக. கடைசிப் பக்கத்துல ஒத்த வார்த்தைய மட்டும் ஏன் மாத்துனீக?”

என் பதிலுக்குக் காத்திராமல் நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆழம் தெரிந்துதான் அவனை அனுப்பினேன். மூழ்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் திருத்தம் சரியானது, ஐயா. பொறாமை என்று அவன் எழுதியிருந்த இடத்தில் அன்பு என்று போட்டேன். அந்த நாவலை எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அதில் பொறாமைக்கு ஆதாரமே இல்லை.